மஞ்சள் பட்டையைத் தாண்டாத நடை

1

போன வாரம் என் மகள் ஹரிணி போனில் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள்.

"அப்பா, எங்க கிளாஸ்ல கையெழுத்துப் பத்திரிகை போடுறோம். வெளிநாட்டுல இருக்கிறவங்க யாராவது எழுதித் தரணும்னு டீச்சர் சொன்னாங்க. நான் உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

"எதைப் பத்திம்மா எழுதணும்?"

"உங்க ஊரைப் பத்தி."

"என் ஊரு எடமலைப்பட்டி புதூர்தானே? அதை நீயே எழுதலாமே."

"ஐயோ அப்பா, இப்ப இருக்கிற ஊரு!"

ஆகவே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே, இது உங்களுக்காக. நான் பத்தாவது வரைதான் படித்தவன். தப்பு இருந்தால் ஹரிணி திருத்தித் தருவாள்.

இந்த மாதத்தோடு நான் மஸ்கட் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வரும்போது ஹரிணி தவழ்கிற குழந்தை. இங்கே ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். கடல், பேரீச்சை மரம், வெள்ளைக் கட்டடங்கள் எல்லாம் இருக்கின்றன. நான் அவற்றைப் பார்ப்பது பஸ் கண்ணாடி வழியாகத்தான். எனக்கு நன்றாகத் தெரிந்தவை ரோடு, என் பஸ், அப்புறம் எங்கள் கம்பெனி ஆட்கள் தங்கியிருக்கிற கட்டடத்தில் உள்ள ஒரு டிரெட்மில். ரோடும் பஸ்ஸும் உங்கள் ஊரிலும் உண்டு. அதனால் டிரெட்மில்லைப் பற்றியே எழுதுகிறேன்.

அந்த மெஷின் என்னை ரொம்ப நாள் ஏமாற்றிவிட்டது என்று எழுத வந்தேன். யோசித்துப் பார்த்தால் அது ஏமாற்றவில்லை. அது சொன்னதில் பாதியைத்தான் நான் படித்தேன்.

2

பஸ் ஓட்டுகிறவனுக்கு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் வேலை. விடிவதற்கு முன்னால் ஏறி உட்கார்ந்தால், பிள்ளைகளை ஏற்றி இறக்கி, மத்தியானம் மறுபடி ஏற்றி இறக்கி, சாயந்தரம் பஸ்ஸைக் கழுவி நிறுத்துகிற வரைக்கும் காலுக்கு வேலை பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் மட்டும்தான். நடுவில் டின் பால் ஊற்றிய டீ. ராத்திரிக்கு குப்பூஸ் என்கிற ரொட்டி. இப்படியே போனால் வயிறு என்ன செய்யும்? ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தது.

கீழ்த்தளத்தில் ஒரு அறையில் அந்த டிரெட்மில் கிடந்தது. ஏதோ ஹோட்டலில் கழித்துப் போட்டதை எங்கள் கம்பெனி வாங்கி வைத்திருந்தது. பெல்ட் ஓடும்போது மாவு மில் மாதிரி சத்தம் வரும். அதன் முகப்பில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். கீழே வயது, பக்கத்தில் இதயத் துடிப்பு. நடுவில் சரிவாக இரண்டு பட்டைகள். ஒன்று மஞ்சள், அதற்கு மேலே சிவப்பு. மஞ்சள் பட்டையில் ஆங்கிலத்தில் 'கொழுப்பு எரியும் இடம்' என்று எழுதியிருக்கும். கைப்பிடியைப் பிடித்தால் நம் துடிப்பு எவ்வளவு என்று காட்டும்.

நான் என்ன புரிந்துகொண்டேன் தெரியுமா? மஞ்சளுக்குள் இருந்தால் கொழுப்பு கரையும், சிவப்புக்குப் போய்விட்டால் கரைவது நின்றுவிடும் என்று. அடுப்பில் தீ கூடினால் பால் பொங்கி வீணாகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். அதனால் கைப்பிடியை விடவே மாட்டேன். எண் கொஞ்சம் மேலே போனால் உடனே வேகத்தைக் குறைப்பேன். வியர்வை வந்தால் பயம் வரும், ஐயோ அதிகமாகிவிட்டதோ என்று.

இதைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கென்றே என் அறையில் ஒருவர் இருக்கிறார். ஜமால் பாய். திருச்சி பாலக்கரைக்காரர், எங்கள் பஸ்களுக்கு மெக்கானிக்.

"மாப்ள, நீ நடக்கிறதைப் பாத்தா உன் கொழுப்புக்கே தூக்கம் வருதுய்யா."

"பாய், வேகமாப் போனா கொழுப்பு கரையாது. படத்துல போட்டிருக்கு பாருங்க."

"அப்ப ஓடுறவன் எல்லாம் குண்டா இருக்கணுமே? நம்மூரு ஸ்டேடியத்துல ஓடுற பசங்களைப் பாத்திருக்கியா? ஒவ்வொருத்தனும் வேப்பங்குச்சி மாதிரி இருப்பான்."

அவர் கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி மனதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்படியும் வேகத்தைக் கூட்டவில்லை. அதற்கு வேறு காரணம் இருந்தது.

நடக்கும்போதுதான் நான் வீட்டுக்குப் பேசுவேன். இங்கே சாயந்தரம் ஐந்து மணி என்றால் அங்கே ஆறரை. ஹரிணி டியூஷன் முடிந்து வந்திருப்பாள். அவள் அம்மா மலர் அடுப்படியில் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைப்பாள். என் மகன் பிரவீன் துவாக்குடி பக்கம் ஒரு காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறான், அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். அவனும் அதே வீடியோ காலில் வந்து சேருவான். அவன் பின்னாலே தஞ்சாவூர் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். நான் மஞ்சள் பட்டைக்குள் நடந்துகொண்டே ஒரு மணி நேரம் பேசுவேன். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் அப்பா. மற்ற நேரமெல்லாம் டிரைவர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பேசியது பெரும்பாலும் நான்தான்.

"பிரவீன், சாப்டியா?"

"ம்."

"என்ன சாப்ட?"

"சாப்பாடுதான்பா."

"காலேஜு எப்படிப் போவுது?"

"போவுதுப்பா."

"படிப்பு முடிஞ்சதும் இங்க வந்துரலாம்டா. எங்க பஸ் பட்டறை இன்சார்ஜ்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நல்ல மனுஷன். சரின்னுட்டார்."

"பாக்கலாம்பா. சரி, பசங்க கூப்பிடுறாங்க."

அவ்வளவுதான், அவன் படம் மறைந்துவிடும். முதலில் அரை மணி இருந்தான். பிறகு பத்து நிமிஷம். பிறகு 'சாப்டேன்பா' என்பதற்கு மட்டும் வந்துவிட்டுப் போனான். அவன் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. பிடித்து நிறுத்த இன்னும் நிறையப் பேசினேன்.

3

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது.

திருச்சியில் நான் மினி பஸ் ஓட்டினேன். பஸ் முதலாளியுடையது, சைக்கிள் என்னுடையது. காலையில் வேலைக்குப் போகும் முன் பிரவீனை முன்னால் பாரில் உட்காரவைத்து, கன்டோன்மென்ட்டில் இருந்த அவன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவேன். வழியில் ஜங்ஷன் மேம்பாலம். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும், ஒரு வார்த்தை பேச வராது. அவன் என்னடாவென்றால் சரியாக அந்த ஏற்றத்தில்தான் ஆரம்பிப்பான். யார் யாரைக் கிள்ளினார்கள், டீச்சர் ஏன் அழுதார், ரயிலுக்கு ஸ்டியரிங் உண்டா, ரயில் டிரைவர் தூங்கிவிட்டால் ரயில் எங்கே போகும், எல்லாம் ஏற்றத்தில்தான். நான் 'ம், ம்' என்று மிதிப்பேன். இறக்கம் வந்து காற்று முகத்தில் அடிக்கும். எனக்குப் பேச்சு வந்துவிடும், "ஹோம்வொர்க் முடிச்சியாடா?" என்பேன். அவன் பேசாமல் ரயிலைப் பார்ப்பான்.

அப்போது இதை நான் கவனிக்கவில்லை. எழுதும்போதுதான் கண்ணில் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அதே சைக்கிளில் ஸ்ரீரங்கம். மலரின் அம்மா வீடு அங்கேதான். காவிரிப் பாலத்தில் நிறுத்தி ஆற்றைப் பார்ப்போம். தண்ணீர் ஓடினால் பிரவீன் கை தட்டுவான். மணல் மட்டும் தெரிந்தால், "தண்ணி எங்கப்பா போச்சு?" என்று பாலம் முடிகிற வரைக்கும் கேட்பான். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். அது பாதிதான் சரியாக இருக்கும்.

4

கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் உடம்பைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்பது இங்கே எங்கள் கம்பெனியின் ஏற்பாடு. அந்தச் சோதனைக்குப் போனேன்.

முதலில் டோக்கன். பிறகு போட்டோவுக்குப் பின்னணி நீலம், இங்கே வெள்ளைதான் செல்லும் என்று திருப்பி அனுப்பினார்கள். வெள்ளையில் எடுத்துக்கொண்டு வந்தேன். மறுபடி டோக்கன். பிறகு "முருகேசன்! முருகேசன்!" என்று கூப்பிட்டார்கள். முருகேசன் என் அப்பா. அவர் திருச்சி தாண்டி எங்கேயும் போனதில்லை. பாஸ்போர்ட்டில் என் பேர் செல்வராஜ் முருகேசன் என்று இருப்பதால் இந்த நாட்டில் நான் முருகேசன். வந்த புதிதில் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்தே இருப்பேன். இப்போது பழகிவிட்டது.

டாக்டர் ஒரு அம்மா, அரபு தேசத்துக்காரர். ஆங்கிலத்தில் பேசினார். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.

"உடற்பயிற்சி உண்டா?"

"உண்டு மேடம். தினம் ஒரு மணி நேரம் நடை."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நடக்கும்போது உங்களால் பாட முடியுமா?" என்று கேட்டார்.

என் ஆங்கிலம் அப்படி. பாடச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். எதற்காகப் பாடச் சொல்கிறார், நுரையீரல் சோதனையாக இருக்குமோ? மரியாதைக்கு எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, ஹரிணி சின்னப் பிள்ளையில் பாடிக்கொண்டிருந்த நிலாப் பாட்டை இரண்டு வரி பாடிவிட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் கேரளத்துப் பெண், சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

"சேட்டா, இப்ப பாட வேண்டாம். டிரெட்மில்லில் நடக்கும்போது இதே மாதிரி பாட முடியுமான்னு கேக்குறாங்க."

"தாராளமா. ஒரு மணி நேரமும் போன்ல பேசிக்கிட்டேதான் நடப்பேன்."

நர்ஸ் அதைச் சொன்னதும் டாக்டர் தலையை ஆட்டினார். பிறகு பொறுமையாகச் சொன்னதை நர்ஸ் எனக்குத் தமிழாக்கினார். நடக்கும்போது பாட முடிந்தால் அது லேசான நடை. பேச முடியும், பாட முடியாது என்றால் நடுத்தரம். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் வரவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் அது கடினம். இதற்கு மெஷின் வேண்டாம், படம் வேண்டாம். வாயே போதும்.

நான் மஞ்சள் பட்டையைப் பற்றிச் சொன்னேன். டாக்டர், "படம் பொய் சொல்லவில்லை" என்றார். மெதுவாக நடக்கும்போது உடம்பு எரிக்கிறதில் கொழுப்பின் பங்கு அதிகம். வேகம் கூடினால் சர்க்கரையின் பங்கு கூடும். அது உண்மைதான். ஆனால் மெதுவாக நடக்கும்போது மொத்தமாக எரிவதே கொஞ்சம். கொஞ்சத்தில் பெரிய பங்கு கிடைத்து என்ன ஆகிவிடும்? ஒரு நாள் முழுக்க எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு செலவாகிறது, வயிறு அதைத்தான் பார்க்கும் என்றார்.

"அப்ப நான் நடந்ததெல்லாம் வீணா?"

"வீணில்லை. உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ நல்லது. ஆனால் நடுநடுவே கொஞ்ச நேரம் வேகம் வேண்டும். பேச்சு நிற்கிற அளவுக்கு."

உடனே ஆரம்பிக்க விடவில்லை. என் வயதுக்கு முதலில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். சரியாக இருந்த பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, நெஞ்சில் ஏதாவது செய்தால் உடனே நிறுத்து என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி வர வேண்டும், அப்போதும் இப்படியே இருந்தால் பஸ்ஸைக் கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார்கள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். பஸ்ஸைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை. 'பேச்சு நிற்கிற அளவுக்கு' என்றாரே, அதைத்தான் யோசித்தேன். என் ஒரு மணி நேரத்தை அல்லவா கேட்கிறார்?

5

அன்று சாயந்தரம் டிரெட்மில்லில் ஏறாமல், பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசினேன். பங்கு, மொத்தம் என்று நான் சொன்னது ஹரிணிக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே அரைகுறை.

"பெரிய பங்கு கிடைச்சா நல்லதுதானேப்பா?"

மலர் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஸ்ரீரங்கத்துக்காரி, இரண்டு ஆற்றுக்கு நடுவில் பிறந்தவள்.

"ஏங்க, முக்கொம்புல தண்ணி ரெண்டாப் பிரியுதே, அது மாதிரியா?"

"அது எப்படி?"

"கோடையில கொஞ்சமாத் தண்ணி வந்தா அத்தனையும் காவிரிக்குத்தானே விடுவாங்க? கொள்ளிடம் காஞ்சு கெடக்கும். பசங்க கிரிக்கெட் ஆடுவானுங்க. வெள்ளம் வந்தா மிச்சத்தையெல்லாம் கொள்ளிடத்துப் பக்கம் திருப்பி விடுவாங்க. அப்ப கொள்ளிடத்துக்குத்தான் பெரும்பங்கு. அதுக்காகக் காவிரி வத்திப் போச்சுன்னு அர்த்தமா?"

எனக்குப் பளிச்சென்றது. காவிரியைக் கொழுப்பு என்றும் கொள்ளிடத்தைச் சர்க்கரை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நான் இத்தனை நாள் செய்தது என்ன? வருகிற தண்ணீரில் பெரும்பங்கு காவிரிக்கே போகட்டும் என்று கோடைத் தண்ணீர் அளவுக்கே திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆனா மலரு, ரொம்ப ரொம்ப வேகமாப் போனா கொழுப்பு எரியிறது அளவுலயே குறையலாம்னும் அந்த டாக்டரம்மா சொன்னாங்க. உன் காவிரி வெள்ளத்துல குறையாதே?"

"அது எனக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சது ஆறு. தோசை கருகுது."

அப்போதுதான் ஹரிணி ஒன்று கேட்டாள். உங்கள் வகுப்புத் தோழிதான், பெருமைக்காகச் சொல்லவில்லை.

"அப்பா, எந்த ஆத்துல போனா என்ன? மேட்டூர்ல எவ்வளவு குறைஞ்சுதுன்னுதானே பாக்கணும்?"

பிள்ளைகளே, நியூஸில் மேட்டூர் நீர்மட்டம் சொல்வார்களே, கவனித்திருப்பீர்கள். அணைக்கு எவ்வளவு வந்தது, அணையிலிருந்து எவ்வளவு போனது, இதுதான் கணக்கு. போன தண்ணீர் முக்கொம்பில் எந்தப் பக்கம் திரும்பியது என்று அணைக்குக் கவலையில்லை. என் வயிறுதான் மேட்டூர். நான் காவிரியையே பார்த்துக்கொண்டு அணையைப் பார்க்க மறந்துவிட்டேன். போதாததற்கு டின் பால் டீயை நாள் முழுக்க அணைக்குள் விட்டுக்கொண்டிருந்தேன்.

இதை ஜமால் பாயிடம் சொன்னேன். அவர் கையில் கிரீஸோடு நின்று முழுசாகக் கேட்டார்.

"அப்ப டீயைக் குறைக்கணும்ங்கிறே."

"ஆமா பாய்."

"யா அல்லாஹ்! இதுக்கு அந்த மஞ்சள் பட்டையே தேவலாம் மாப்ள."

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கெல்லாம் என்னைப் போல உட்கார்ந்து வேலை செய்கிற பெரியவர்களுக்கு. நீங்கள் பட்டையும் பார்க்க வேண்டாம், எண்ணும் பார்க்க வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடி விளையாடுங்கள். கண்ணாமூச்சி ஆடுகிறவன் கைப்பிடியைப் பிடித்துத் துடிப்புப் பார்த்தால் பிடிபட்டுவிடுவான்.

6

புதிய முறை இதுதான். முதலில் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு நிமிஷம் போல வேகம். அப்புறம் மூச்சு திரும்புகிற வரை மெதுவாக. மறுபடி வேகம். கைப்பிடியையும் விட்டுவிட வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பாதிப் பாரத்தை அதுவே தாங்கிக்கொள்கிறதாம்.

உடம்புக்கு இது ஒத்துக்கொண்டது. பேச்சுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் வேகம் வந்ததும் என் வாயிலிருந்து வந்தது புஸ் புஸ் என்று காற்றுதான்.

"அப்பா, பஸ் டயரு மாதிரி சத்தம் வருது" என்றாள் ஹரிணி.

"என்னங்க, நிறுத்திட்டுப் பேசுங்க. பயமா இருக்கு" என்றாள் மலர்.

நான் மூச்சுப் பிடித்து அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் பிரவீன் போய்விட்டான்.

நடையை வேறு நேரத்துக்கு மாற்றலாமா என்று பார்த்தேன். விடிகாலையில் பஸ். மத்தியானம் ரோட்டில் நிற்கவே முடியாத வெயில், மெஷின் அறையில் ஏசி கிடையாது. ராத்திரி சாப்பிட்டால் கண் சொக்கிவிடும். சாயந்தரம்தான் மிச்சம். அந்தச் சாயந்தரம்தான் அவர்களுக்கும் தோதான நேரம். ஒன்று நடை, இல்லை பேச்சு. சில நாள் வேகத்தை விட்டுவிட்டு மறுபடி மஞ்சள் பட்டைக்கே போய்விட்டேன். தெரிந்தேதான் போனேன். பிரவீன் பத்து நிமிஷமாவது இருக்கட்டுமே என்று.

ஹரிணி கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, இன்னைக்கு நீங்க வேகமாவே நடக்கல. சத்தமே வரல."

"இல்லம்மா, பேசணும்ல."

"நீங்க வேகமா நடக்கும்போது நாங்க பேசுறோம். நீங்க மெதுவா நடக்கும்போது நீங்க பேசுங்க. நாங்க எல்லாம் கிளாஸ்ல அப்படித்தான், மிஸ் எழுதும்போது நாங்க பேசுவோம்."

உங்கள் மிஸ் இதைப் படிக்கக் கூடாது.

அன்றிலிருந்து அப்படியே செய்தோம். வேகம் வரும்போது ஹரிணி பள்ளிக்கூடக் கதை சொல்வாள். மலர் பக்கத்து வீட்டு விஷயம், தண்ணீர் வராதது, சமயபுரத்துக்கு நடந்துபோன அவள் சித்தி காலில் கொப்புளம் என்று சொல்வாள். நான் கேட்டுக்கொண்டே நடப்பேன். பத்து வருஷமாக நான் கேட்காத எத்தனையோ விஷயம் என் வீட்டில் இருந்திருக்கிறது. நடுவில் குறுக்கே பேச என்னிடம் காற்று இல்லாததால் அவை முழுசாக வந்து சேர்ந்தன.

7

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று பிரவீனிடம் கேட்டேன். "ஏழாவது பசங்கதானே, எழுதுங்கப்பா" என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை மலரும் ஹரிணியும் ஸ்ரீரங்கத்துக்குப் போயிருந்தார்கள். மலரின் அம்மா வீட்டில் ஏதோ விசேஷம். போனில் பிரவீனும் நானும் மட்டும். மெதுவான நடையில் நான் வழக்கமானதைக் கேட்டேன், அவன் 'ம்' என்றான். வேகத்துக்கான நேரம் வந்தது. நான் பட்டனை அழுத்தினேன். பெல்ட் உறும ஆரம்பித்தது. ஹரிணி இல்லை, மலர் இல்லை. போனில் அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் மட்டும். இதோ போய்விடுவான் என்று நினைத்தேன்.

"அப்பா."

"ம்."

"நான் ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொ...ல்லு."

"இங்க துவாக்குடியில ஒரு சின்னப் பட்டறைப்பா. பைப் வெல்டிங் பண்ணி அது சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணிக் கொடுக்கிற இடம். புராஜெக்டுக்காகப் போனேன். இப்ப தினமும் சாயந்தரம் அங்கதான் இருக்கேன். பசங்க கூப்பிடுறாங்கன்னு சொன்னது அதுக்குத்தான்."

எனக்குள் கேள்வி கேள்வியாக எழும்பியது. தினமுமா? அப்ப படிப்பு? யார் அந்தப் பட்டறைக்காரன்? வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"மேல இருந்து பாத்தா வெல்டிங் நல்லாத்தான்பா இருக்கும். உள்ள ஒரு முடி அளவுக்கு விரிசல் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிறாங்க பாருங்க, அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. படிப்பு முடிஞ்சதும் சேந்துக்கோன்னு ஓனரு சொல்லிட்டாரு."

இவ்வளவு நீளமாக அவன் பேசிக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று தெரியவில்லை.

"நீங்க அங்க சொல்லி வெச்சிருக்கீங்கன்னு தெரியும். அதான் சொல்லவே வரல. ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பேன், நீங்க வேற கேள்விக்குப் போயிடுவீங்க. அப்பா... நான் அங்க வரலப்பா."

என் கை சிவப்பு பட்டனுக்குப் போய்விட்டது. அதை அழுத்தினால் பெல்ட் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மூச்சு திரும்பிவிடும். திரும்பினால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்சார்ஜிடம் எத்தனை தடவை போய் நின்றேன், இங்கே வந்தால் எப்படி இருக்கலாம், உனக்காகத்தானே இத்தனை வருஷம், எல்லாம் வரிசையாகத் தொண்டையில் நின்றன. அத்தனையும் வெளியே வர எனக்கு வேண்டியது கொஞ்சம் காற்று மட்டும்தான்.

"போன்லயே எல்லாம் பேசுற வாழ்க்கை எனக்கு வேணாம்பா. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களைச் சொல்லல." ஒரு பஸ் போனது. "அப்பா, ரொம்ப மூச்சு வாங்குதே. நிறுத்துங்க. அப்புறம் பேசிக்கலாம்."

"இல்ல... நீ... சொல்லு."

இரண்டு நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. சிவப்பு பட்டனிலிருந்து கையை எடுத்தேன். பக்கத்துப் பட்டனில் வைத்து, வேகத்தை இன்னும் ஒரு புள்ளி கூட்டினேன்.